அழாத பிள்ளை

"மிஸி, பால் பத்தல."

இந்தப் பேச்சை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பினாங்கில் தாதியை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாருக்கும் நான் மிஸிதான். ஜோர்ஜ்டவுனில் ஒரு தாய்சேய் நல கிளினிக்கில் சமூகத் தாதியாக வேலை பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றது கிளினிக்குக்கு மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது. பாசாரில் மீன் பார்த்துக்கொண்டு நின்றால் பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தொடும். "மிஸி, என் மருமகளுக்குப் பால் பத்தல லா." கல்யாண மண்டபத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாலும் விடமாட்டார்கள். சரியாக ரசம் ஊற்றுகிற நேரம் பார்த்து வந்து கேட்பார்கள். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் பதில் சொல்லாமல் எழுந்து வந்ததில்லை.

போன மாதம் ஐனா போன் செய்தாள். என் இடத்தில் இப்போது வேலை பார்ப்பவள் அவள்தான், மலாய்ப் பெண், கெட்டிக்காரி. "காக் புஷ்பா, பிரசவமான தாய்மாரை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்குப் பதிலாக வீடியோ காலில் பார்த்தால் என்ன என்று இங்கே பேசிக்கொள்கிறோம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று மலாயில் கேட்டாள். காக் என்றால் அக்கா. "தாயின் முகம் தெரியும், பிள்ளையின் முகம் தெரியும், சரி. குளிப்பாட்டுவது தெரியுமா?" என்றேன். கிழவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். அதனால் போனிலேயே அவளுக்கு ஒரு கதை சொன்னேன். அவளுக்கு மலாயில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஹாஸ்டல் சாப்பாடு, சீருடைக்குக் கஞ்சி போடுவது, பரீட்சை, குளியலறையில் ஒளிந்து நின்று அழுவது. எல்லாரும் பட்டதைத்தான் நானும் பட்டேன். வேலையைக் கற்றுக்கொண்டது கிளினிக்கில், தலைமைத் தாதி சிஸ்டர் மகேஸ்வரியின் கண்ணுக்கு முன்னால்.

சிஸ்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். ஒல்லியான உடம்பு, கண்ணாடிக்கு ஒரு சங்கிலி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவர் திட்டினால்கூட, திட்டினார் என்பது வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடும்போதுதான் நமக்கு உறைக்கும்.

பால் பத்தவில்லை என்று ஒரு தாய் வந்தால் சிஸ்டர் ஒன்றும் சொல்லமாட்டார். தாயை நாற்காலியில் உட்காரவைத்து, தான் ஒரு குட்டை முக்காலியை இழுத்துப்போட்டு அவளைவிடத் தாழ்வாக உட்காருவார். கையை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளை வாய் வைப்பதிலிருந்து தானாக விடுவதுவரை பார்ப்பார். நடுவில் ஒரு வார்த்தை பேசமாட்டார். வெளியே வரிசை நீண்டுகொண்டே போகும். எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு தாய் பிள்ளையைப் பிடித்திருந்த விதம் தப்பென்று பட்டதும் நான் பாய்ந்து போய்த் தலையைத் திருப்பி, கையை மாற்றி, பாடம் நடத்த ஆரம்பித்தேன். சிஸ்டர் என் முழங்கையை ஒரு விரலால் தொட்டார். அவ்வளவுதான். சாயங்காலம் கேட்டார்: "பிள்ளை, நீர் அந்தத் தாய்க்குச் சொல்லிக் குடுத்தனீரோ, இல்லாட்டி அவவைப் பயப்படுத்தினனீரோ?"

எடை போடுவதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. தராசில் துணியை விரித்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிள்ளையின் சட்டை, பம்பர்ஸ், காப்பு, கொலுசு எல்லாம் கழற்ற வேண்டும். அரைஞாண்கயிற்றை மட்டும் விட்டுவிடுவார். அதைக் கழற்றச் சொன்னால் நம் தாய்மார்கள் முகம் வாடிவிடும் என்று அவருக்குத் தெரியும். பிள்ளை காலை உதைக்க உதைக்க எண் ஏறும், இறங்கும். அது தானாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். ஏறத்தாழ இவ்வளவு என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "ஏறத்தாழ எண்டு பிள்ளை வளராது" என்பார்.

சிஸ்டருக்குப் பால் மாவு டின் ஒன்றும் பகையில்லை. எனக்கும் இல்லை. தாய்ப்பால் கொடுக்க முடியாத தாய்மார்கள் இருக்கிறார்கள், கொடுக்கக் கூடாத மருந்து சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, முதலில் தண்ணீரை அளந்து, பிறகு மாவைத் தலைதட்டிப் போடுவதை அதே பொறுமையோடு சொல்லிக் கொடுப்பார். அவருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். என்ன ஏது என்று பார்க்காமலே 'உனக்குப் பால் இல்லை' என்று ஒரு தாயிடம் சொல்வது.

சிரிப்பதற்கும் விஷயம் இருந்தது. பாயான் லெப்பாஸ் பேக்டரியில் வேலை பார்த்த ஒரு பெண், பிரசவ விடுப்பு முடிந்து போனவள், நாங்கள் சொன்னபடி பாலைப் பீச்சி போத்தலில் வைத்து ஆபீஸ் ஐஸ்பெட்டியில் வைத்திருக்கிறாள். எவனோ ஒரு சூப்பர்வைசர் அதை எடுத்துக் கோப்பியில் ஊற்றிக் குடித்துவிட்டான். விஷயம் தெரிந்ததும் அவன் ஒரு வாரம் அவள் கண்ணில் படவே இல்லையாம். அதற்கப்புறம் நாங்கள் எல்லாத் தாய்மாருக்கும் முதலில் சொல்வது, போத்தலில் பெரிதாகப் பெயரை எழுது என்பதுதான்.

இனி ஷாலினியின் கதைக்கு வருகிறேன்.

ஷாலினியும் அவள் கணவன் குமரனும் ஜெலுத்தோங் பக்கம் ஒரு ஃபிளாட்டில் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பேக்டரியில் வேலை, அங்கேதான் பழக்கம், அப்புறம் கல்யாணம். பிள்ளைக்காக ரொம்ப வருஷம் காத்திருந்தார்கள். தங்கியது கலைந்து, மறுபடியும் தங்கிக் கலைந்து, கடைசியில் பிறந்தவன் தர்ஷன். உதவிக்கு வரவேண்டிய ஷாலினியின் அம்மா கெடாவில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். குமரனுக்கு அம்மா இல்லை. அதனால் குமரன் ராத்திரி ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு, பகலில் மனைவிக்குப் பத்தியம் பார்த்தான்.

ஆம்பளை பத்தியம் பார்க்கிற வீட்டை நான் அதற்குமுன் கண்டதில்லை. பூண்டு வதக்குவான், மிளகு ரசம் வைப்பான், இலை போட்டு வெந்நீர் கொதிக்கவைப்பான். போனில் அத்தையிடம், ஷாலினியின் அம்மாவிடம்தான், கேட்டுக் கேட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டவும் படித்துக்கொண்டான். நான் வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் இதை அழுத்தி அழுத்திச் சொன்னேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

வீட்டுச் சந்திப்புக்கு நான் பத்து மணிவாக்கில் போவேன். குமரன் வேலை முடிந்து வந்து, எல்லாம் செய்து முடித்துத் தூங்கப் போயிருப்பான். ஷாலினி கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் தர்ஷன், குளித்து, பவுடர் போட்டு, மையிட்டு, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பான். "நல்ல பிள்ளை மிஸி, அழவே அழாது" என்பாள் பெருமையாக. பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணியும் இந்த ஃபிளாட்டில் இப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியவில்லை என்று சொன்னாராம். "தாய்ப்பாலைத் தவிர வேற ஏதாச்சும் குடுக்குறீங்களா? தண்ணி, தேன், பால் மாவு?" என்று நான் கேட்பேன். "ஒண்ணும் இல்ல மிஸி" என்பாள். அது பொய்யில்லை. அவளுக்குத் தெரிந்த மட்டில் அதுதான் உண்மை.

ஆரம்பத்தில் எடை ஏறியது. பிறகு ஏறுவது குறைந்து, அப்படியே நின்றுபோனது. ஒரு நாள் கிளினிக்கில் தர்ஷனைத் தராசில் போட்டேன். எண் உடனே நின்றது. அவன் காலை உதைக்கவே இல்லை. அதைப் பார்த்ததும் சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

சிஸ்டர் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஷாலினிக்குப் பால் தாராளமாக இருந்தது, சட்டை நனைந்து போயிருந்தது. பிள்ளை வாய் வைத்தான், கொஞ்சம் உறிஞ்சினான், தூங்கிவிட்டான். உள்ளங்காலைத் தடவினோம், ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தோம். கண்ணைத் திறப்பான், மூடிக்கொள்வான். டாக்டர் வந்து பார்த்தார். எடை இப்படி இருப்பதால் தாய்ப்பாலோடு பால் மாவும் கொடுக்கச் சொன்னார். அது சரியான முடிவுதான். ஆனால் போத்தலை வாயில் வைத்தாலும் அவன் தூங்கினான். டாக்டர் அதற்குமேல் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே ரத்தம் எடுத்தார்கள், இன்னும் என்னென்னவோ பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அதோடு ஓர் அதிசயம் நடந்தது. வார்டில் இருந்த நாட்களில் தர்ஷன் விழித்துக்கொண்டான். தாய்ப்பால் குடித்தான், போத்தலும் குடித்தான், எடையும் ஏறியது. எல்லாருக்கும் மூச்சு வந்தது. வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து சில நாளில் மறுபடியும் பழையபடி தூக்கம். எடை இறங்கியது.

இந்தத் தடவை சொந்தக்காரர்கள் போன் போட்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் போத்தல் பால் குடித்துத்தான் தேறினான், தாயின் பாலில் சத்தில்லை, அதை நிறுத்தச் சொல்லுங்கள் என்றார்கள். அடுத்த எடைக்கும் ஏறாவிட்டால் மறுபடி வார்டில் சேர்த்துப் பெரிய சோதனைகள் செய்யவேண்டி வரும் என்று டாக்டர் சொன்னார். ஷாலினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஸி, மறைக்காம சொல்லுங்க. என் பால்லதான் ஏதோ இருக்கா? நான் குடுக்கக் குடுக்கத்தான் இவன் இப்படி ஆவுறானா?"

எத்தனை வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. அன்றைக்கு மத்தியானம் சிஸ்டரிடம் போய் நின்றேன்.

"ஆஸ்பத்திரியிலை தாய்ப்பாலும் குடிச்சவன்தானே?" என்று கேட்டார் சிஸ்டர்.

"ஆமா சிஸ்டர். நல்லா குடிச்சானாம்."

"அப்ப பாலிலை பிழையில்லை. அங்கை இல்லாத ஏதோ ஒண்டு வீட்டிலை இருக்கு. நீர் எத்தினை மணிக்குப் போறனீர்?"

"பத்து மணி போல."

"அதுக்கு முதல் அந்த வீட்டிலை என்ன நடக்குது?"

"தெரியாது சிஸ்டர்."

"தெரியாதெண்டால் போய்ப் பாரும். குமரன் வாறதுக்கு முதலே போய் இரும். ஒண்டும் கேக்க வேண்டாம். தாயையும் பாக்க வேண்டாம், பிள்ளையைப் பாரும்."

மறுநாள் விடிந்ததும் போனேன். லிஃப்டில் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம். கதவைத் திறந்த ஷாலினி என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள். சும்மா வந்தேன் என்று சொல்லி ஒரு மூலையில் உட்கார்ந்தேன். நான் அதுவரை பார்த்திராத ஒன்றை அப்போது பார்த்தேன். தர்ஷன் விழித்திருந்தான். வாயைத் திறந்து இப்படியும் அப்படியும் தேடினான். ஷாலினி எடுத்து வைத்ததும் குடித்தான், விழுங்குகிற சத்தம் என் மூலைவரை கேட்டது. பால் இருக்கிறது, பிள்ளையும் குடிக்கிறான். பிறகு என்னதான் கோளாறு?

குமரன் பேக்டரிச் சட்டையோடு வந்தான். கை கால் கழுவி, உடை மாற்றி, வெந்நீர் போட்டான். பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தடவிக் குளிப்பாட்டினான். அவ்வளவு பக்குவமான கை. துவட்டினான், பவுடர் போட்டான், புகை காட்டினான். பிறகு சமையல் மேடையிலிருந்து ஒரு சின்னக் கல்லையும் ஒரு ஜாதிக்காயையும் எடுத்து வந்தான். ஷாலினி பீச்சிக் கொடுத்த பாலைக் கல்லில் விட்டு இழைக்க ஆரம்பித்தான்.

குழந்தைக்கு உரைமருந்து கொடுப்பது நம் வீடுகளில் புதிதில்லை. எனக்கும் எங்கம்மா இழைத்துக் கொடுத்திருப்பார். வசம்பும் கடுக்காயும் ஜாதிக்காயும் கல்லில் பட்டும் படாமலும் ஒரு இழுப்பு இழுத்து நாக்கில் தடவுவார்கள். கிளினிக்கில் நாங்கள் அதையும் வேண்டாம் என்றுதான் சொல்வோம். குமரன் இழைத்தது அப்படியில்லை. சாமிக்குச் சந்தனம் அரைக்கிற மாதிரி அரைத்தான். கல்லில் கெட்டியாகச் சேர்ந்ததை வழித்துச் சங்கில் போட்டுப் பிள்ளைக்குப் புகட்டினான். வாசனை கூடம் முழுக்க அடித்தது. தர்ஷன் சப்புக்கொட்டி விழுங்கினான்.

"தம்பி, தெனமும் இது குடுக்குறீங்களா?"

"ஆமா மிஸி. ஜாதிக்காய். அத்தை சொன்னாங்க. கடைச்சரக்கு இல்ல, பாலிக் புலாவ்ல என் தாய்மாமா வேலை பாக்குற தோட்டத்துக் காய். குளிச்சதும் ஒரு தடவ, ராத்திரி நான் வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்ன ஒரு தடவ. இவ தனியா இருப்பா இல்ல, பிள்ள அழுதா இவளுக்குத் தூக்கம் கெட்டுடும்."

"அத்தை இவ்வளவா இழைக்கச் சொன்னாங்க?"

"கொஞ்சமாத்தான் சொன்னாங்க. நல்லா தூங்குறானேன்னு நாந்தான் கூட்டிக்கிட்டேன்."

"வேற ஒண்ணும் குடுக்கலன்னு ஷாலினி சொன்னாங்களே."

அவன் என்னைப் புரியாமல் பார்த்தான். "குடுக்கலயே மிஸி. இது குளிப்பாட்டுறதுல சேர்ந்ததுதானே. பவுடர் போடுற மாதிரி."

எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. எழுந்து நின்று நாலு கேள்வி கேட்க வாய் துடித்தது. சிஸ்டர் என் முழங்கையைத் தொட்டது ஞாபகம் வந்தது. தரையில், குமரன் உட்கார்ந்திருந்ததற்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன். சங்கைக் கழுவ எழுந்தவனையும் உட்காரச் சொன்னேன். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தர்ஷனின் கண் செருகியது. அவன் கையைத் தூக்கி விட்டேன், தொப்பென்று விழுந்தது. "இதான் தம்பி" என்றேன். "பிள்ளை நல்ல பிள்ளையா தூங்கல. ஜாதிக்காய் தூங்கவைக்குது. விடியக்காலையில அது இறங்குற நேரம் மட்டும் முழிக்கிறான், மத்த நேரம் பசிச்சாலும் எழுந்திருக்க முடியல. எழுந்திருக்காததால குடிக்கல. ஆஸ்பத்திரியில இதைக் குடுக்கல, அங்க முழிச்சுக்கிட்டான்."

முதலில் அழுதது ஷாலினிதான். "அப்ப என் பால் இல்ல" என்றாள். "என் பால் இல்ல, என் பால் இல்ல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் அது. குமரன் மடியில் கிடந்த பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். இனிமேல் அவனைத் தொடவே மாட்டேன் என்கிற மாதிரி இருந்தது முகம். ஷாலினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். பிள்ளையை எடுத்து அவன் மடியிலேயே திரும்ப வைத்தாள். "நீங்கதான் குளிப்பாட்டணும். எனக்குத் தெரியாது" என்றாள்.

அந்த நேரமே டாக்டருக்குப் போன் போட்டேன். பிள்ளையை உடனே கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். மூச்சும் நெஞ்சும் நன்றாக இருக்கின்றன என்று சொல்லி, அன்றைக்கு முழுதும் கண்காணிப்பில் வைத்தார். யாரையும் குறை சொல்லவில்லை. பால் மாவையும் ஒரேயடியாக நிறுத்தவில்லை. பிள்ளை சரியாகக் குடிக்காததால் குறைந்திருந்த ஷாலினியின் பால் மறுபடி கூடும்வரை கொஞ்சமாகக் கொடுத்து, பிறகு குறைக்கலாம் என்றார்.

ஜாதிக்காயை நிறுத்தியும் அன்றைக்குத் தூக்கம். மறுநாளும் பாதித் தூக்கம். நாம் நினைத்தது தப்போ, உள்ளே வேறு ஏதாவது வியாதியோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் கிளினிக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், குமரன் கூப்பிட்டான்.

"மிஸி, ரொம்ப அழறான். குடிச்சிட்டு அழறான், கொஞ்ச நேரத்துல மறுபடி குடிக்கணும்னு அழறான். இப்படி அழுது நாங்க பார்த்ததே இல்ல. பக்கத்து வீட்டம்மா வந்து என்னாச்சுன்னு கேக்குறாங்க. பயமா இருக்கு மிஸி."

"போனை அவன் வாய்க்கிட்ட வைங்க" என்றேன்.

வைத்தான். தொண்டை கிழிகிற கத்தல். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரு கையில் போன், ஒரு கையில் செருப்பு, அப்படியே வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "யார் வீட்டுப் பிள்ளை, இந்தக் கத்து கத்துது?" என்றார். நான் சிரிப்பும் அழுகையுமாக நின்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் கிளினிக்கில் 'வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா' என்று மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. சிஸ்டர் மாற்றிவிட்டார். காலையில் பிள்ளை எழுந்ததிலிருந்து என்னென்ன செய்கிறீர்கள், ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் என்று கேட்போம். கேட்டபோது என்னவெல்லாம் வந்தது தெரியுமா? ஒரு வீட்டில் ஓமத்தண்ணீர், ஒரு வீட்டில் கோரோசனை. எதையும் அவர்கள் மறைத்ததில்லை. நாம் கேட்ட கேள்வியில் அது அடங்கவில்லை, அவ்வளவுதான். ஐனாவிடம் இதைத்தான் சொன்னேன். வீடியோ காலில் பார், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நாளாவது குளிப்பாட்டும் நேரத்துக்கு நேரில் போ.

தர்ஷனை அடுத்த எடைக்குக் கொண்டுவந்த காலை இன்னும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. லிஃப்டிலேயே அழுகை ஆரம்பித்துவிட்டதாம். கிளினிக் வாசலில் நுழையும்போதே எல்லாத் தாய்மாரும் திரும்பிப் பார்த்தார்கள். குமரன் வேர்த்து விறுவிறுத்து, "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று வழி கேட்டுக்கொண்டே வந்தான். சட்டை, பம்பர்ஸ், காப்பு எல்லாவற்றையும் கழற்றித் தராசில் படுக்கவைத்தேன். தர்ஷன் முகம் சிவந்து, இரண்டு காலாலும் உதைத்தான். எண் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஷாலினி என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தபடி நின்றாள்.

சத்தம் கேட்டுச் சிஸ்டர் தன் அறையிலிருந்து வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தராசைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார்.

"எண் நிக்கவே மாட்டேங்குது சிஸ்டர்" என்றேன்.

சிஸ்டர் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவசரம் என்ன? உதைக்கட்டும்" என்றார். "நிக்கேக்கை நிக்கட்டும்."